நீர்ச்சம்மட்டி

குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினாலோ திடீரெனக் கிளப்பினாலோ எழும் அழுத்த அலைக்கு நீர்ச்சம்மட்டி என்று பெயர். பொறியாளர்கள் பேச்சில் இது 'வாட்டர் ஹேமர்'. கரண்ட் போன நொடியில் கிணற்றடியில் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்கும், பைப் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கும். அதைப் பார்த்திருக்கும் விவசாயிக்குப் பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும்.

4 அங்குல விட்டமும் 1 கிலோமீட்டர் நீளமும் உள்ள குழாயில் ஏறத்தாழ 8 டன் தண்ணீர் நிற்கும். அது வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில், அதாவது ஒரு ஆள் எட்டி நடக்கும் வேகத்தில், போய்க்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். முனையில் வால்வை மூடியதும் அத்தனை தண்ணீரும் ஒருசேர நின்றுவிடாது. வால்வை ஒட்டிய தண்ணீர் முதலில் நிற்கும். அதன் முதுகில் அடுத்தது வந்து முட்டி நிற்கும். பிரேக் போட்ட கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்து நிற்பது போலத்தான். அந்த இடி குழாய்க்குள் பின்னோக்கி ஓடும் வேகம், இரும்புக் குழாயில் வினாடிக்கு 1,000 முதல் 1,200 மீட்டர். இளகிக் கொடுக்கும் பி.வி.சி.யில் 300 முதல் 500 மீட்டர்.

தண்ணீரின் அடர்த்தி, இந்த அலையின் வேகம், ஓட்டம் இழந்த வேகம் மூன்றையும் பெருக்கினால் கூடுதல் அழுத்தம் கிடைத்துவிடும். மேற்சொன்ன ஓட்டம் சட்டென நின்றால் இரும்பில் 15 முதல் 18 பார், பி.வி.சி.யில் சுமார் 6 பார். கடையில் 'ஆறு கிலோ பைப்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கு விதித்த வேலை அழுத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். வழக்கமான அழுத்தத்தின் மேல் இதுவும் ஏறி உட்கார்ந்தால், எல்போ வளைவுகளும் ஒட்டுப்போட்ட இடங்களும் முதலில் வாயைத் திறக்கின்றன.

இந்த இடியை மனிதன் முதலில் தடுக்கப் பார்க்கவில்லை. வேலை வாங்கப் பார்த்தான். இங்கிலாந்தின் டெர்பி ஊரில் கடிகாரம் செய்துவந்த ஜான் ஒயிட்ஹர்ஸ்ட், 1772இல் செஷயர் பகுதியின் ஓல்டன் என்ற இடத்தில் ஒரு கருவியை நிறுவினார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கிவரும் தண்ணீரைச் சமையலறையில் திறந்து பிடிப்பார்கள். பிடித்துவிட்டுக் குழாயை மூடும் ஒவ்வொரு தடவையும், ஓடிவந்த தண்ணீர் போக்கிடமின்றி ஒரு வழித் தடுக்கைத் தள்ளிக்கொண்டு காற்றுக் கலத்துக்குள் பாயும். அங்கிருந்து 16 அடி உயரத்தில் உள்ள தொட்டிக்கு ஏறும். சமையற்காரர் பாத்திரம் கழுவக் கழுவ மேல்தொட்டி தானாக நிறைந்தது என்றால் மிகையில்லை. 1775இல் ராயல் சொசைட்டியின் இதழில் இதை அவர் எழுதி வெளியிட்டார்.

குழாயை மூட அங்கே ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளை நீக்கியவர் வெப்பக்காற்று பலூனால் பெயர்பெற்ற சகோதரர்களில் ஒருவரான ஜோசப் மோன்கோல்பியே. பிரான்சின் வொய்ரோன் ஊரில் இருந்த தம் காகித ஆலைக்காக 1796இல் அவர் அமைத்த கருவியில், ஓடும் தண்ணீரே ஒரு தடுக்கை இழுத்து மூடும், இடி விழும், அழுத்தம் தணிந்ததும் தடுக்கு தன் எடையால் மீண்டும் திறக்கும். மோட்டார் இல்லை, எண்ணெய் இல்லை, இரவும் பகலும் டக், டக் என்று தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். அடுத்த ஆண்டே நீராவி இயந்திர முதலாளி மாத்யூ போல்டன் மோன்கோல்பியே சார்பில் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தார். இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் செம்மறிக் கடா. கிடா முட்டு பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. கருவியின் தந்தை யார் என்பதில் இரு நாட்டாருக்கும் வழக்கு உண்டு. பலூன்காரர் நல்ல தத்துத் தகப்பன், பெற்றவர் கடிகாரக்காரர்தான்.

கணிதம் வர இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1858இல் குழாய்ச் சுவரின் நெகிழ்வையும் தண்ணீரின் நெகிழ்வையும் சேர்த்துக் கணக்கிட்டவர் இத்தாலியின் மெனாப்ரேயா. ஆங்கிலேயர் பாபேஜ் திட்டமிட்ட கணிப்பொறி பற்றி 1842இல் கட்டுரை எழுதியவரும் இவரே. 1867இல் நாட்டின் பிரதமராகவும் ஆனார். அலையின் வேகத்துக்கு 1878இல் சூத்திரம் தந்தவர் நெதர்லாந்தின் கோர்ட்டவெக்.

அழுத்தத்துக்கான அந்த மூன்று பெருக்கல் சூத்திரம் பாடநூல்களில் ருஷ்யர் நிகோலாய் ஜுகோவ்ஸ்கியின் பெயரில் இருக்கிறது. மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்கள் அடிக்கடி வெடித்ததால் 1897இல் அந்நகரின் நீரேற்று நிலையத்தில் 2, 4, 6 அங்குலக் குழாய்களில் அவர் நடத்திய சோதனைகள் இன்றும் மதிக்கத்தக்கவை. திரும்பி வரும் அலையைப் பார்த்தே குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லலாம் எனவும் காட்டினார். ஆனால் 1883இலேயே அதே சூத்திரத்தை எழுதி, ரப்பர்க் குழாய்களில் சரிபார்த்துவிட்டார் ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோகன்னஸ் பொன் கிரீஸ். அவர் ஆராய்ந்தது தமனியில் ஓடும் ரத்தத்தை. மணிக்கட்டில் விரல் வைத்து வைத்தியர் பார்க்கும் நாடியும், நெகிழும் குழாயில் ஓடும் அழுத்த அலைதான். மருத்துவரின் கட்டுரையைக் குழாய்க்காரர்கள் படிக்காததால் சூத்திரம் வேறு பெயருக்குப் போயிற்று. அமெரிக்காவின் ஆக்டன் நீர்மின் திட்டத்துக்காக பிரிசெல் என்ற பொறியாளரும் 1898இல் இதே முடிவைத் தனியே எட்டினார். அவரை அநேகமாக எல்லோரும் மறந்துவிட்டார்கள். இவர்களுக்குப் பின் 1902இல் இத்தாலியின் லொரென்சோ அல்லியேவி இதை முழுக் கோட்பாடாக்கினார்.

வடிவமைப்பவருக்கு இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் முதல் ஆயுதம் நேரம். அலை குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வால்வை மூடிவிட்டால் முழு இடியும் விழும். அதைவிட நீட்டி மூடினால் இடி குறையும். 1 கிலோமீட்டர் பி.வி.சி. பாதைக்கு இந்த நேரம் சுமார் 5 வினாடி. சென்னைக்கு வரும் வீராணம் ஏரித் தண்ணீர் கடம்புலியூர் அழுத்தத் தணிப்புத் தொட்டியிலிருந்து போரூர் வரை சுமார் 200 கிலோமீட்டர் தானாகவே இறங்கி வருகிறது. அலை வேகத்தை 1,000 மீட்டர் என்று வைத்தால், அந்தப் பாதைக்குக் கணக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம்.

மின் நிலையத்தில் அவ்வளவு பொறுமை கிடையாது. நீலகிரியில் 1932இல் தொடங்கிய பைக்காரா நிலையத்துக்குத் தண்ணீர் 3,000 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. மின்சுமை திடீரென அறுந்தால் சக்கரம் தறிகெட்டுச் சுழலும்; அதற்காகத் தண்ணீரைச் சட்டென அடைத்தால் குழாய் வெடிக்கும். தண்ணீர்த் தாரை மோதிச் சுழலும் இத்தகைய பெல்ட்டன் சக்கரங்களில் இதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு. ஒரு தகடு நொடியில் குறுக்கே வந்து தாரையைச் சக்கரத்தில் படாமல் திருப்பிவிடும். உள்ளே இருக்கும் ஊசி வால்வு பிறகு சாவகாசமாக மூடும். நீண்ட சுரங்கப் பாதைகளில் தண்ணீர் ஏறித் தணிய 'சர்ஜ் டேங்க்' கட்டுகிறார்கள்.

பம்பு நின்றுபோகும் நிலைமைதான் தலைவலி. ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் உந்துதல் போனபின்னும் கொஞ்ச தூரம் முன்னே ஓடும். மேடான இடத்தில் தண்ணீர்த் தண்டு அறுந்து, நடுவே வெற்றிடம் விழும். அறுந்த இரண்டும் திரும்பி வந்து முட்டும்போது எழும் அழுத்தம் முதல் அடியைவிடக் கொடியதாக இருக்கலாம். அதற்காகத்தான் மேட்டில் காற்று வால்வு. இங்கே விதி தலைகீழாகிறது: கேட் வால்வை மெதுவாக மூட வேண்டும், பம்பை ஒட்டிய என்.ஆர்.வி. எனும் ஒரு வழி வால்வோ தண்ணீர் திரும்பி வேகம் பிடிப்பதற்குள் மூடிவிட வேண்டும். தாமதித்து மூடும் என்.ஆர்.வி.தான் கிணற்றடியில் கேட்ட 'டொம்'.

1950இல் ஜப்பானின் ஓயிகவா மின் நிலையத்தில் வால்வு தவறுதலாக விரைந்து மூடியதில் பெருங்குழாய் வெடித்தது. தண்ணீர் வெளியே கொட்டியதால் உண்டான வெற்றிடம், மேலே இருந்த குழாயைத் தகர டப்பாவைப் போல நசுக்கியது. மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். நியூயார்க்கில் 2007இல் ஒரு பழைய நீராவிக் குழாய் நடுத்தெருவில் வெடித்ததற்கும், உள்ளே குளிர்ந்து சேர்ந்த தண்ணீரின் சம்மட்டியே காரணம்.

இப்போது இந்தக் கணக்குகளைக் கணினி போடுகிறது.

வயலில் கணினி இல்லை, கேட் வால்வின் சக்கரம்தான் இருக்கிறது. அதைப் பாதிவரை மூடினாலும் ஓட்டம் பெரிதாகக் குறையாது. தண்ணீர் உண்மையில் நிற்பது கடைசிச் சில சுற்றுகளில்தான். முதல் சுற்றுகளை எப்படி வேண்டுமானாலும் திருகலாம்; கடைசிச் சுற்றுகளை மட்டும் நின்று நிதானமாகத் திருகுங்கள்.