விளக்கைச் சோதித்தல்: ரவாங் முதல் காஜாங் வரை

விளக்கை நம்பியே மனிதன் இருளுக்குள் காலெடுத்து வைக்கிறான். ஆதலால், அதனைப் பிறர் கையில் கொடுக்குமுன் சோதித்துப் பார்ப்பது செய்தவனின் கடமை. சோதனை என்பது விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது மட்டும் அன்று. அது எத்தகைய இடையூறுகளுக்கு நடுவே எரிய வேண்டுமோ, அவ்விடையூறுகளையும் முன்னரே உண்டாக்கிப் பார்ப்பதே முழுமையான சோதனையாகும். விளக்கின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1812-இல் வாயு தீப்பற்றி வெடித்து 92 பேர் மாண்டனர். இத்தகைய விபத்துகளைத் தடுக்க, அறிஞர் ஹம்பிரி டேவி 1815-இல் ஒரு காப்பு விளக்கை ஆராயத் தொடங்கினார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையை அமைத்தார். வலை வெப்பத்தை ஈர்த்துப் பரப்புவதால் சுடர் வெளியே பாய்ந்து வாயுவைக் கொளுத்துவதில்லை. 1816 சனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அவ்விளக்கு சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. ஆயினும், காற்று விரைந்து வீசும் இடத்தில் சுடர் வலையைக் கடந்துவிடும். டேவியே இதனை அறிந்து எச்சரித்திருந்தும், மறைப்பில்லாத விளக்குகள் பல்லாண்டுகள் வழக்கில் இருந்தன. விளக்கு பாதுகாப்பானது என்ற நம்பிக்கையால், முன்பு அஞ்சி ஒதுக்கிய பகுதிகளிலும் தொழிலாளர் இறக்கப்பட்டனர். அசையாக் காற்றில் பெற்ற வெற்றி, வீசும் காற்றில் துணை நிற்கவில்லை.

நம் நாட்டில் மின்னொளியும் சுரங்கத்தை ஒட்டியே பிறந்தது. சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூர் அரசுப் பணியில் உயர்ந்து, பின் தொழிலதிபராக விளங்கியவர் தம்புசாமிப் பிள்ளை. அவரும் லோக் இயூ என்னும் சீனப் பெருவணிகரும் சேர்ந்து, ரவாங்கில் தம் ஈயச் சுரங்கத்தில் 1894-இல் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். ஈயச் சுரங்கத்தின் பெரும்பகை நீர். அதனை இறைக்க மின்பம்புகள் பயன்பட்டன. அவ்வாண்டிலேயே ரவாங் தெருக்களிலும் மின்விளக்குகள் எரிந்தன. 1895-இல் கோலாலம்பூர் இரயில் நிலையம் மின்னொளி பெற்றது. உலு கோம்பாக் நீர்மின் நிலையத்தின் வழியாகத் தலைநகருக்கு மின்சாரம் கிடைத்தது 1905-இல்தான்.

இவ்வரிசை நோக்கத்தக்கது. முதலில் ஒரு சுரங்கம், அடுத்து ஒரு சிற்றூர், பின் ஓர் இரயில் நிலையம், இறுதியில் ஒரு நகரம். சோதனை என்று பெயரிடாவிடினும் இவ்வரிசை சோதனையின் பயனைத் தந்தது எனலாம். சுரங்கத்தில் பொறி நின்றால் நட்டம் உரிமையாளர் இருவருக்கே. நகரில் நின்றால் ஆயிரம் வீடுகள் இருளும்.

1949-இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. அது 1965-இல் தேசிய மின்சார வாரியமாகவும், 1990-இல் தெனாகா நேஷனல் நிறுவனமாகவும் மாறியது. வாரியம் 1976-இல் அமைத்த பயிற்சிக் கழகமே வளர்ந்து, 1997 முதல் தெனாகா நேஷனல் பல்கலைக்கழகமாகக் காஜாங் வட்டாரத்தில் விளங்குகிறது. ரவாங்கில் தொழிலாகத் தொடங்கியது காஜாங்கில் கல்வியாயிற்று.

இக்கல்விக்கு இன்று புதியதொரு பாடமும் சேர்ந்துள்ளது. இக்காலத் திறன் விளக்கினுள் ஒரு சிறு கணினி இருக்கிறது. அதனை இயக்கும் நிரலை நிலைப்பொருள் என்பர். உற்பத்தியாளர் தந்த நிலைப்பொருளை நீக்கிவிட்டு, தன்னார்வலர் எழுதியதை ஏற்றிக்கொள்வாரும் உளர். 2016-இல் தொடங்கிய டாஸ்மோட்டா அத்தகையது. அதில் ஒரு மீட்பு வழி உண்டு. சில வினாடி இடைவெளியில் தொடர்ந்து ஏழு முறை மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால், கருவி தன் அமைப்புகளைத் துறந்து தொடக்க நிலைக்குத் திரும்பும். பழுதுற்ற கருவியை மீட்க இது நல்ல வழி. ஆனால் மின்சாரம் அடிக்கடி அறுந்து அறுந்து வரும் இடத்தில், பழுதில்லாத விளக்கும் தன் அமைப்பை இழக்கக்கூடும். அதனாலேயே இவ்வசதியை நிறுத்திவைக்கவும் வழி செய்துள்ளனர்.

டேவி விளக்குக்குக் காற்று எதுவோ, இவ்விளக்குக்கு நிலையற்ற மின்சாரம் அதுவாகும். எனவே புதிய பதிப்பை வெளியிடுவோர், சீரான மின்சாரமுள்ள மேசையில் அது எரிவதைக் கண்டு அமைதல் போதாது. பதிப்பை ஏற்றும்போதே மின்சாரத்தைத் துண்டித்தும், இணையத் தொடர்பை அறுத்தும், பழைய பதிப்புக்குத் திரும்ப முடிகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். முதலில் சில விளக்குகளுக்கும், குறை இல்லையெனக் கண்டபின் பலவற்றுக்கும் வழங்குதல் வேண்டும்.

இவ்வாறு சோதியாதுவிடின் முதலில் துன்புறுவோர் யார்? நகர நடுவே நல்ல மின்சாரம் பெறுவோர் அல்லர். மின்கம்பியின் கடைக்கோடியில், தோட்டப்புறங்களிலும் சிற்றூர்களிலும் வாழ்வோரே. விளக்கைச் செய்பவர் அக்கடைசி வீட்டை மனத்திற்கொண்டு சோதிக்க வேண்டும். அறிவியல் பாடத்தில் டேவியின் பெயரைச் சொல்லும் ஆசிரியர்கள், அவ்விளக்கு எங்கே வென்றது என்பதோடு எங்கே தவறியது என்பதையும் மாணவர்க்குச் சொல்லுதல் நலம்.