தருமபுரிக் கோட்டையில் கல் சொல்லும் கொடைகள்

தருமபுரியில் கோட்டை எங்கே என்று கேட்கும் வெளியூர்க்காரருக்கு நாம் கோயிலைத்தான் காட்டுகிறோம். பழைய தகடூரின் மதிலும் அகழியும் மறைந்துவிட்டன. மல்லிகார்ச்சுனேசுவரர் கோயிலும் அருகிலுள்ள பரவாசுதேவப் பெருமாள் கோயிலுமே கோட்டை என்ற பெயரை இன்றும் காத்து நிற்கின்றன.

இக்கோட்டையின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்ததை அரிசில்கிழார் பாடினார். நுளம்பர், சோழர், போசளர், விசயநகரத்தார், மைசூரார் என ஆட்சி கைமாறியது. 1768இல் ஆங்கிலேயக் கர்னல் உட் படையோடு வந்து பிடித்தார். ஐதர் அலி மீட்டார். மைசூராருடன் செய்த 1792 உடன்படிக்கையில், இவ்வூர் அடங்கிய பாராமகால் முழுவதும் ஆங்கிலேயக் கும்பினியார் வசமானது. அதன்பின் இங்கே பணியாற்றிய கும்பினி அதிகாரி தாமஸ் மன்றோ இவ்வூரை விட்டுப் பிரிய மனமில்லாதவராக இருந்தார்.

ஆனால் கல்வெட்டுகள் வேறு வரலாறு சொல்கின்றன. மல்லிகார்ச்சுனர் கோயில் தூண் ஒன்றின் கன்னடக் கல்வெட்டு சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893ஐச் சேர்ந்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற வணிகச் சகோதரர் இருவர் தகடூரில் சமணப் பள்ளி எழுப்பினர். நுளம்ப மன்னன் மகேந்திரனிடம் பெற்ற மூலப்பள்ளி என்ற ஊரை நிதியண்ணன் அப்பள்ளிக்காகக் கனகசேன சித்தாந்தரிடம் அளித்தார். பின்னர் நுளம்ப மன்னன் அய்யப்பதேவன் புதுகூர் என்ற ஊரைக் கொடுத்தான். சிவன் கோயில் தூணில் சமணக் கொடை! சம்பை என்ற ஊரில் 1981இல் கண்டறியப்பட்ட கல்வெட்டும், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பாளியை, அதாவது துறவியர் உறைவிடத்தைத்தான் குறிக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் கல்லிலும் கொடையாளியாகவே நிற்கிறான்.

கட்டடக்கலையிலும் கோயில் குறைந்ததல்ல. மகாமண்டபத் தூண்களில் சில தரையைத் தொடுவதில்லை. மேலுள்ள உத்தரமே அவற்றைப் பிடித்திருக்கிறது. அடியில் மெல்லிய துணியை நுழைத்து எடுத்துப் பார்க்காத பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. விதானத்தில் எண்திசைக் காவலர். படியேறிச் செல்லும் காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. குனிந்து, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்க்க வேண்டும். நின்றபடி பார்த்தால் பாதி தெரியாது. எண்ணெய் பூசியும் விளக்கு ஏற்றியும் அவற்றை மழுங்கடிக்காமல் இருப்பது நம் பொறுப்பு.

நிதியண்ணன் கொடையைத் தமிழில் எழுதி, கோயில் வாசலில் ஒரு பலகையாக வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டியது அதுதான்.