வண்டல் கூறும் மழை வரலாறு

ஆனி பிறந்ததும் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் எதிர்நோக்குவது தென்மேற்குப் பருவமழையையே. இம்மழை என்றும் இவ்வாறே பெய்து வந்ததா? மன்னர்களின் வரலாற்றைச் செப்பேடுகளில் காண்கிறோம். மழையின் வரலாற்றையோ வண்டலில்தான் தேட வேண்டும்.

மும்பைத் துறைமுகத்தில் 1870களில் பிரின்ஸ் டாக் தோண்டப்பட்டபோது, கடற்சேற்றின் அடியில் 300க்கும் மேற்பட்ட மரங்கள் காணப்பட்டன. காசுக்கட்டி தரும் கருங்காலி இனத்தைச் சேர்ந்த அவற்றுள் பல, வேரூன்றி நின்ற நிலையிலேயே இருந்தன. கரையில் வளரும் மரம் கடலடியில் நிற்குமாயின், நிலமும் நீரும் இன்றுள்ள எல்லையில் என்றும் நின்றவையல்ல என்பது தெளிவு.

அரபிக்கடலின் வண்டல் இன்னும் நுட்பமான சான்று தருகிறது. பருவக்காற்று வலுத்து வீசினால் ஆழ்நீர் மேலெழும். அதிலுள்ள சத்தினால் நுண்ணுயிர்கள் பெருகும். அவை மடிந்து அழுகுங்கால் ஆழத்திலுள்ள உயிர்வளி செலவாகிவிடும். அதனால் அங்கே புழுக்கள் வாழா. வண்டல் கலையாமல் மெல்லிய கரிய அடுக்குகளாகப் படியும். காற்றுத் தளர்ந்த காலத்திலோ புழுக்கள் மண்ணைக் கிளறிவிடும். அடுக்குகள் மறைந்து நிறமும் வெளிறும். பாகிஸ்தானை அடுத்த கடலடியில் எடுத்த வண்டலை ஆராய்ந்தோர், 1998இல் ஒரு வியத்தகு செய்தியை வெளியிட்டனர். தொலைவிலுள்ள கிரீன்லாந்து குளிர்ந்தபோதெல்லாம் நம் பருவக்காற்றும் தளர்ந்ததாம். கிரீன்லாந்துப் பனிப்பாளங்களோ, அங்கே வெப்பம் சில பதிற்றாண்டுகளுக்குள்ளேயே வெகுவாக உயர்ந்ததுண்டு எனக் காட்டுகின்றன.

மகாராஷ்டிரத்து லோணார் ஏரியின் வண்டலும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. உவர்நீர் வற்றிச் சுருங்கும்போது உண்டாகும் கேலுசைட் என்னும் படிகங்கள், ஏறத்தாழ 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்குகளில் காணப்படுகின்றன. அது நெடிய வறட்சிக் காலம். சிந்துவெளி நகரங்கள் தளர்ந்ததும் இதனையொட்டியே எனினும், வறட்சி ஒன்றே அதற்குக் காரணம் எனத் துணிதல் பொருந்தாது.

2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது; மிதி ஆறு கரைபுரண்டது. ஒரு நாள் மழையைக் கொண்டு காலநிலையைக் கணித்தல் தகாது. ஆயினும், அது ஒரு தலைமுறைக்குள்ளேயே மாறக்கூடியது என்பதற்கு வண்டல் சான்றாக உள்ளது. ஆதலால் மிதியாற்றின் வழியையும் அதன் கரையிலுள்ள அலையாத்திக் காடுகளையும் தூர்ந்துபோகாமல் காப்பது, அதன் அருகே குடியிருக்கும் நமக்கு இன்றியமையாத கடமையாகும்.