பென்சில் வைத்த கன்னம்

1972இல் திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவில் நெகடிவில் முகத்தைத் திருத்தும் டச்சிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் செஞ்சி, மரக்காணம் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்காகப் பெண்ணை பஸ்ஸில் அழைத்து வருவார்கள். படம் எடுத்ததும் தகப்பனார் மட்டும் திரும்பி வந்து, “தம்பி, பொண்ண கொஞ்சம் கலரா போட்டுக் குடுப்பா” என்பார். எடுத்தது கருப்பு வெள்ளைப் படம். கலர் என்றால் சிவப்பாக, வெளுப்பாக என்று அர்த்தம்.

நெகடிவில் எல்லாமே தலைகீழ். முகம் வெளுக்க வேண்டுமென்றால் அங்கே கருக்க வேண்டும். அப்போது நெகடிவ் உள்ளங்கை அகலம் இருக்கும். அதைச் சாய்வுப் பெட்டியில் வைத்து, கீழே கண்ணாடியில் வெளிச்சம் வாங்கி, பென்சில் பிடிக்க ஒரு வார்னிஷைத் தடவுவேன். பிறகு உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் பொடிப்பொடியாகக் கோடு வைப்பேன். ஒரு முகத்துக்கு அரை நாள் போகும். எனக்கு முந்தையவர்கள் பட்ட பாடு இன்னும் பெரிது. பழைய ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. நம் மாநிறத்தை அது இருப்பதைவிடக் கருப்பாக்கிவிடும்.

என் அக்காவின் படத்தை முதலில் பென்சில் வைக்காமலே பிரிண்ட் போட்டேன். அது விழுப்புரத்தில் ஒரு வீட்டுக்குப் போய், “பொண்ணு அடங்காது போலிருக்கு” என்ற பேச்சோடு தரகர் கையில் திரும்பியது. அதே நெகடிவில் பென்சில் வைத்து இன்னொன்று போட்டேன். அடுத்த வீட்டில், “லட்சணமான பொண்ணு, அடக்கமான பொண்ணு” என்றார்கள். அதே கண், அதே வாய், அதே சேலை. அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமலே இரண்டு வீட்டாரும் குணம் சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்காவில் கேரன் டையன், எலன் பெர்ஷைடு, எலைன் வால்ஸ்டர் என்ற மூன்று பெண்கள் இதையே ஆராய்ந்து எழுதியது அதே 1972இல்தான் என்று பின்னால் படித்தேன். மாணவர்களிடம் முகப்படங்களைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அழகான முகத்துக்கு நல்ல குணமும் நல்ல இல்வாழ்வும் இருக்கும் என்றே மாணவர்கள் சொன்னார்களாம்.

அக்காவை நேரில் பார்த்த அன்று மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறியது. “படத்துல வேற மாதிரி இருந்துச்சே” என்று ஐந்து பவுன் கூட்டிக் கேட்டார்கள். அப்பா நிலத்தை அடமானம் வைத்தார். அந்தக் கடனில் என் கைக்கும் பங்கு உண்டு.

கலர் பிலிம் வந்தது. அதன் சின்ன 35 மி.மீ. நெகடிவில் பென்சில் வைக்க இடமில்லை, வேலையும் நின்றது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பாட்டியின் கல்யாணத்துக்கு முந்தைய பெரிய நெகடிவ் கிடந்தால் சன்னலோரம் சாய்த்துப் பாருங்கள். கன்னத்தில் பென்சில் கோடுகள் இன்னும் மின்னும்.