கணக்குப் புத்தகமும் ஊர்க் கூட்டமும்: 1848 முதல் பிளொக்செயின் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற ஊர்க் கூட்டத்தில் நடந்தது பலருக்கும் தெரியும். கணினி படித்த நம் பிள்ளைகள் சிலர் எழுந்து, "ஊர்ப் பொது நிதியின் கணக்கை பிளொக்செயினில் போடுவோம். பிறகு ஒருவராலும் அழிக்க முடியாது, மாற்ற முடியாது" என்றார்கள். "அப்படியென்றால் எங்களைக் கள்ளர் என்கிறீர்களா?" என்று பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. இரண்டு பக்கமும் நம்முடைய ஆட்கள்தான். வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்ற வகையில் நமக்கு ஒன்று தோன்றியது. பொதுப்பணத்தை யார் தீர்மானிப்பது என்ற இந்தச் சண்டை நம் மாத்தளை மண்ணுக்குப் புதிதல்ல.

1848ஐ நினைத்துப் பாருங்கள். கோப்பி விலை விழுந்து அரசாங்கத்தின் கையில் காசு இல்லை. தேசாதிபதி டொரிங்டன் புது வரிகளைக் கொண்டுவந்தார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. இவற்றோடு வீதிச் சட்டமும் வந்தது. 18 வயது முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். வீதி பொது நன்மைதானே என்று நாம் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த வீதிகளால் அதிகம் பயனடைந்தவை கோப்பித் தோட்டங்கள். வியர்வை சிந்த வேண்டியவன் கிராமத்தவன். எங்கே வீதி வேண்டும், யார் எவ்வளவு தரலாம் என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். 28ஆம் திகதி புரன் அப்பு தலைமையில் கிளர்ச்சிக்காரர்கள் மாத்தளைக்குள் புகுந்தார்கள். கச்சேரியைத் தாக்கி, அங்கிருந்த வரிப் பதிவேடுகள் சிலவற்றையும் அழித்தார்கள். ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா நாடு கடத்தப்பட்டு மலாக்காவில் இறந்தார்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் வழமையாகக் கேட்பார்கள்: "சேர், பதிவேட்டை ஏன் அழித்தார்கள்?" அந்தப் பதிவேட்டில் கணக்குப் பிழை இருந்ததால் அல்ல. அது தங்களைக் கேட்காமல் எழுதப்பட்ட கணக்கு என்பதால். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கமும் பிறகு கொஞ்சம் பாடம் படித்தது. தேசாதிபதி வார்ட் காலத்தில், 1856இல் வந்த நீர்ப்பாசனச் சட்டம், குளத்து நீரைப் பங்கிடும் பழைய கிராம வழக்கங்களை வயற்காரர்களே கூடி மீண்டும் நடைமுறைப்படுத்த இடமளித்தது. 1871இல் வந்த கிராமச் சங்கச் சட்டம் கன்சபாவை மீண்டும் எழுப்பியது. வாய்க்காலை யார் வெட்டுவது, தண்ணீர் முதலில் எந்த வயலுக்கு என்பதை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவனே அறிவான் என்பது அப்போதுதான் சட்டத்தில் ஏறியது.

சரியாக 100 வருடம் கழித்து, 1956இல் நம் சமூகத்துக்கான சட்டம் வந்தது. பள்ளிவாசல்கள், தரும நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் பற்றிய 51ஆம் இலக்கச் சட்டம். வக்பு என்றால் நமக்குத் தெரியும். முதல் அப்படியே இருக்கும், விற்க முடியாது, வாரிசுக்குப் போகாது, அதன் பயன் மட்டும் ஊருக்கு. அந்தச் சட்டத்தின் கீழ்தான் பள்ளிகள் பதிவாகின, நம்பிக்கையாளர்கள் நியமனம் பெற்றார்கள், கணக்கை வக்பு சபைக்குக் காட்டும் கடமை வந்தது. பிணக்குகளை விசாரிக்க வக்பு நியாய சபையும் 1982இல் சேர்ந்தது. பெரிய பாதுகாப்புத்தான். ஆனால் கணக்கு கொழும்புக்குப் போகிறது. காசு கொடுத்த அயல் வீட்டுக்காரருக்கு அது வருகிறதா என்பது அந்தந்த ஊரின் மனதைப் பொறுத்தது.

இனி பிள்ளைகள் சொன்ன பிளொக்செயினுக்கு வருவோம். ஒரே கணக்குப் புத்தகத்தின் பிரதி ஆயிரம் பேர் கையில் இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் தன் பிரதியில் மாற்றினால் மற்றப் பிரதிகள் காட்டிக் கொடுத்துவிடும். 2009இல் பிட்கொயினோடு நடைமுறைக்கு வந்த யோசனை இதுதான். இன்று இதை வைத்துப் பொதுப் பணிகளுக்கு நிதி சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கிட்கொயின் என்ற அமைப்பு 2019இல் ஒரு விசேட கணக்கு முறையில் நிதி பங்கிடத் தொடங்கியது. ஒரு வேலைக்குக் கொடுத்த ஒவ்வொருவரின் தொகைக்கும் வர்க்கமூலம் எடுத்து, அவற்றைக் கூட்டி, வந்த கூட்டுத்தொகையை வர்க்கிக்க வேண்டும். 100 பேர் ஆளுக்கு 100 ரூபாய் கொடுத்தால் விடை 10 இலட்சம். ஒரே ஆள் 10,000 ரூபாய் கொடுத்தால் விடை வெறும் 10,000. சேர்ந்த காசு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பொது நிதியிலிருந்து வரும் மேலதிகப் பங்கு இந்த விடைகளைப் பொறுத்தது. பணப்பையின் கனத்தை விடக் கொடுத்த கைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பு.

இதிலும் ஓட்டை உண்டு. ஒரே ஆள் 100 பெயரில் வந்தால்? இணையத்தில் இது பெரிய தலைவலி. நம் ஊரில் யார் யாருடைய மகன் என்று நமக்குத் தெரியும்.

மாற்றவே முடியாது என்பதும் முழு உண்மையல்ல. 2016இல் எதீரியத்தில் 'த டாவோ' என்றொரு கூட்டு நிதி. சுமார் 15 கோடி டொலர் சேர்ந்தது. ஜூன் மாதம் நிரலில் இருந்த ஓட்டையால் ஒருவர் 36 இலட்சம் ஈதரை உருவிக்கொண்டார். ஜூலையில் பெரும்பான்மையினர் சேர்ந்து கணக்கையே திருத்தி அந்தக் காசை மீட்டார்கள். "எழுதியது எழுதியதுதான்" என்றவர்கள் எதீரியம் கிளாசிக் என்று தனியே பிரிந்து போனார்கள். அங்கேயும் முடிவு செய்தது மனிதர்கள்தான். வாக்கு பெரும்பாலும் கையிலுள்ள நாணயத்தின் அளவைப் பொறுத்தது.

எனவே கிரிப்டோ காசை ஊர் நிதிக்குள் கொண்டுவருவதை நாம் ஆதரிக்கவில்லை. மத்திய வங்கியும் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆனால் பிள்ளைகள் கேட்ட கேள்வியை விடக்கூடாது.

நம் உம்மாமார் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த காலம் நினைவிருக்கிறதா? கைகளை எண்ணினால் அவர்கள்தான் ஊரின் மிகப்பெரிய கொடையாளிகள். அந்த அரிசி விற்ற காசு எதற்குப் போக வேண்டும் என்று ஒரு கூட்டத்திலாவது அவர்களிடம் கேட்டோமா? இன்றும் சந்தா நிலுவையுள்ள கூலிக்காரர் கூட்டத்தில் கை தூக்கத் தயங்குகிறார். விதவைகளின் வீடுகள் பட்டியலில் இருக்கின்றன, அவர்களின் குரல் இல்லை.

நம் யோசனை மூன்று. மாதக் கணக்கை, வரவு செலவு இரண்டையும், பள்ளி அறிவித்தல் பலகையிலும் ஊர் வட்ஸ்அப் குழுமத்திலும் போடுவோம். பெரிய செலவுக்கு முன் வீட்டுக்கு ஒரு வாக்கு, சந்தா நிலுவை பார்க்காமல், பெண்கள் தலைமை தாங்கும் வீடுகளையும் சேர்த்து. பிழை நடந்தால் யாரிடம் முறையிடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்போம். இவ்வளவும் செய்ய ஒரு கொப்பியும் ஒரு தொலைபேசியும் போதும். பிறகு பிள்ளைகள் சொல்லும் தொழில்நுட்பம் வந்தால் நல்லது.

அடுத்த கூட்டத்துக்குப் பெரியவர்கள் கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளே, நீங்கள் வரும்போது உங்கள் உம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: "உங்கள் பிடி அரிசிக் காசில் ஊருக்கு என்ன செய்யலாம்?" அவர் சொல்லும் பதிலையும் கொண்டு வாருங்கள்.