கணிதத்தில் ஒரு மாலைமாற்று

முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே நிற்கும் செய்யுளை மாலைமாற்று என்பர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இவ்வகையில் ஒரு பதிகமே பாடியிருப்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். எழுத்துக்கு வாய்த்த இவ்வழகு எண்ணுக்கும் உண்டு.

ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில், கி.பி. 850ஐ ஒட்டி, சமண அறிஞர் மகாவீராசாரியர் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினார். பேராசிரியர் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்த அந்நூல் 1912இல் சென்னையில் வெளிவந்தது. அதிலுள்ள பெருக்கற் கணக்குகள் சிலவற்றின் விடைகள் இருபுறமும் ஒத்து நிற்பவை. அவற்றை அவர் கழுத்தணியாகவே கண்டார். 139ஐ 109ஆல் பெருக்கின் 15151. 27994681ஐ 441ஆல் பெருக்கின் 12345654321. ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறி, பின் முறையே இறங்கும் எண் என்று இப்பெரிய எண்ணை அவர் வருணிக்கிறார்.

இதன் இயல்பை ஆராய்வோம். 441 என்பது 21இன் வர்க்கம். 27994681 என்பது 5291இன் வர்க்கம். 21ஐ 5291ஆல் பெருக்க வருவது 111111. ஆகவே நம் மாலை எண் 111111இன் வர்க்கமேயாகும். அதன் இலக்கங்களைக் கூட்டினால் 36. அதுவும் 6இன் வர்க்கம்.

மாலை அமைவது எப்படி? பெருக்கலை எழுதிப் பாருங்கள். ஆறு வரிகளிலும் ஒன்றுகளே வரும். ஒவ்வொரு வரியும் ஓரிடம் இடப்புறம் தள்ளி நிற்கும். எனவே ஓரத்தில் ஓர் ஒன்றும் நடுவில் ஆறு ஒன்றுகளும் சேர்கின்றன. எவ்விடத்தும் கூட்டுத்தொகை பத்தை எட்டாமையால் அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்ல எதுவுமில்லை.

யோங் பெங் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் இதனைக் கரும்பலகையில் காட்டினால், “இப்படியே போய்க்கொண்டிருக்குமா, ஐயா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘ஆம்’ என்று விடுவது தவறு. ஒன்பது ஒன்றுகளின் வர்க்கம் 12345678987654321. பத்து ஒன்றுகளின் வர்க்கமோ 1234567900987654321. நடுவிடத்தில் கூட்டுத்தொகை பத்தானதும் மாலை அறுந்துவிடுகிறது.

விந்தையென்று வியந்து நிற்பதோடு பாடம் முடிந்துவிடலாகாது. ஒன்பது முறை கண்டது பத்தாம் முறை பொய்ப்பதையும், அதன் காரணத்தையும் மாணவர் தம் கையாலேயே எழுதிக் காணச் செய்தல் வேண்டும். அதற்குச் சுண்ணக்கட்டியும் பலகையும் போதும்.