பரிமாப் பொருளும் பந்தயச் செலவும்

திருவில்லிபுத்தூரினின்று இராசபாளையம் செல்லும் வழியிலுள்ளது வன்னியம்பட்டி. பண்டைப் பாண்டி நாட்டின்பாற்பட்டது இவ்வூர். அந்நாட்டு வேந்தர் குதிரைக்குப் பெரும்பொருள் ஈந்த செய்தியை எண்ணுங்கால், நமக்கு ஒரு வினா எழுகின்றது. பிற்காலச் செல்வர் தம் குதிரை ஓடுதலைக் காணக் கடல் கடந்து சென்றனரே. அவ்வழக்கம் பழைய மரபின் தொடர்ச்சியா, புதுவதா? இதனை ஈண்டு ஆராய்வாம்.

குதிரைகள் கடல்வழி வந்தமையைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பல குதிரைகள் வந்திறங்கின என்றும், பேணும் முறையறியாமையால் அவற்றுட் பெரும்பாலன இறந்துபட்டன என்றும் எழுதினார். அரசன் பொருளைப் பெற்றுப் பரி வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கும். அன்று பரி வேந்தனை நாடி வந்தது. படைக்கும் பெருமிதத்திற்கும் அது பயன்பட்டது.

ஓட்டத்தைப் பந்தயமாக்கி, உடையவருக்கு வெற்றிப் புகழை உரித்தாக்கிய முறை ஆங்கிலேயரொடு வந்தது. கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பந்தயம் நிகழ்ந்தது. 1896-இல் சென்னைக் குதிரைப் பந்தயக் கழகம் அமைந்தது. பின்னர் இந்திய மன்னர் சிலர் பரியை நாடி மேலைநாடு சென்றனர். அவருள் இராஜபிப்ளா மன்னர் விஜயசிங் தலைசிறந்தவர். இவரது எம்பார்கோ 1926-இல் அயர்லாந்து டெர்பியை வென்றது. 1934 ஜூன் 6-இல் எப்சம் களத்தில் இவரது வின்ட்சர் லாட் டெர்பி வெற்றியை எய்தியது. வெல்லுமெனப் பலரும் நம்பிய குதிரையின் பெயர் கொழும்பு. அது மூன்றாவதாக வந்தது. வென்ற குதிரையை மன்னர் பின்னர் 50,000 பவுனுக்கு விற்றார். அவ்வாண்டே புதிய உடையவருக்காக அது செயின்ட் லெஜர் பந்தயத்தையும் வென்றது. எனவே, பந்தயக் குதிரை படைக்கலம் அன்று; புகழும் விலையும் உடைய கைமாறு பொருளே எனலாம்.

ஆகவே, பொருள் மிகுதியும் பெருமித வேட்கையும் இரு காலத்திற்கும் பொது, பந்தயமோ புதுவது. பிறிதொன்றும் கருதத்தக்கது. புராணத்தில், பரிக்கெனக் கொடுத்த பொருளுக்கு அரசன் அமைச்சரிடம் கணக்குக் கேட்டான். மன்னரே பந்தயத்திற்குச் செலவிட்டபோது அவரைக் கேட்பார் யார்? குடியாட்சியில் அவ்வினாவை அரசு எழுப்பிற்று. 1974-இல் தமிழ்நாடு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றிற்று. அப்பந்தயம் திறன்சார் ஆட்டமே என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் அரசு குத்தகையை நீக்கி, ஏறத்தாழ 160 ஏக்கர் கிண்டி நிலத்தைக் கைக்கொள்ள முற்பட்டது. பரியின் பொருட்டுச் செல்லும் பொதுப்பொருளுக்குக் கணக்குக் கேட்கும் வழக்கு, இங்ஙனம் இன்றளவும் ஓயாது தொடர்கின்றது என்பது நம் துணிபு.